தேடியஸ் ஸ்டீவன்ஸ்: நாற்பது ஏக்கர் கேட்ட வக்கீல்

1821-ல் பென்சில்வேனியா மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. வழக்குப் போட்டவர் சாரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண், பக்கத்து மாநிலமான மேரிலாந்தில் அடிமையாக இருந்தவர். பென்சில்வேனியாவில் 1780-லேயே ஒரு சட்டம் இருந்தது: வெளியூர்க்காரர் தன் அடிமையை இந்த மாநிலத்துக்குள் கூட்டிவந்து ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த அடிமைக்கு விடுதலை. சாரிட்டியை அவருடைய முதலாளி இன்னொரு குடும்பத்துக்கு வேலைக்கு விட்டிருந்தார். அந்தக் குடும்பம் அவ்வப்போது எல்லை தாண்டி பென்சில்வேனியாவுக்கு வந்துபோகும், வரும்போது இவரையும் கூட்டிவரும். அந்த நாள்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஆறு மாதத்தைத் தாண்டுகிறது, ஆகவே எனக்கும் என் பிள்ளைகளுக்கும் விடுதலை வேண்டும் என்று கேட்டார் சாரிட்டி. எதிர்த்தரப்பு வக்கீலோ துண்டு துண்டாகத் தங்கிய நாள்களைக் கூட்டக் கூடாது, சட்டம் சொல்லும் ஆறு மாதம் என்பது இடைவெளி இல்லாத ஆறு மாதம்தான் என்று வாதாடினார். நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. சாரிட்டியும் பிள்ளைகளும் அடிமைகளாகவே போனார்கள்.

அந்த எதிர்த்தரப்பு வக்கீலின் பெயர் தேடியஸ் ஸ்டீவன்ஸ். வயது 29.

அமெரிக்காவில் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்ததிலும், விடுதலையானவர்களுக்குக் குடியுரிமையையும் சட்டத்தின் முன் சமத்துவத்தையும் எழுதி வைத்ததிலும் நாடாளுமன்றத்துக்குள் இவரைவிட அதிகமாகப் போராடியவர் என்று யாரையும் என்னால் சொல்ல முடியவில்லை. லிங்கனை நமக்குத் தெரியும், பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே வந்துவிடுவார். ஸ்டீவன்ஸ் பெயரைக் கேட்டவர்கள் குறைவு. கேட்டவர்களில் பலருக்கும் அவரைப் பழிவெறி பிடித்த கிழவராகத்தான் தெரியும், ஏனென்றால் அவர் செத்த பிறகு இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு அமெரிக்காவின் வரலாற்றாசிரியர்களே அவரை அப்படித்தான் எழுதினார்கள். எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு உண்டு. அதனால்தான் சாரிட்டி பட்லரிலிருந்து ஆரம்பித்தேன். அந்த வழக்கை ஒதுக்கிவிட்டு இவரைப் புகழ்வது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

பிறந்தது 1792-ல், வெர்மான்ட் மாநிலத்தில் டான்வில் என்ற சின்ன ஊரில். பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்திருந்தது, ஆயுசு முழுக்க விந்தி விந்திதான் நடந்தார். அப்பா செருப்புத் தைக்கிறவர், விவசாயமும் உண்டு, குடும்பத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். நான்கு ஆண் பிள்ளைகளோடு தனியாக நின்ற அம்மா சாரா ஒரு முடிவெடுத்தார்: இந்தக் காலை வைத்துக்கொண்டு இவன் உழ முடியாது, படிக்க வைத்தால்தான் பிழைப்பான். பக்கத்தில் பீச்சம் என்ற ஊரில் நல்ல பள்ளிக்கூடம் இருந்தது, குடும்பத்தையே அங்கே மாற்றிக்கொண்டு போனார். அங்கே படித்து, பிறகு டார்ட்மவுத் கல்லூரியில் 1814-ல் பட்டம் வாங்கினார் ஸ்டீவன்ஸ்.

அம்மா செய்ததை அவர் மறக்கவே இல்லை. பிற்காலத்தில் பணம் வந்தபோது அம்மாவுக்கு 250 ஏக்கர் பண்ணையும் 14 பால்மாடுகளும் வாங்கிக் கொடுத்தார். அவ்வப்போது ஒரு தங்கக் காசும் கொடுப்பார், அந்த அம்மா அதைக் கொண்டுபோய்த் தன்னுடைய பாப்டிஸ்ட் தேவாலயத்தின் காணிக்கைப் பெட்டியில் போடுவார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான் என்று ஸ்டீவன்ஸே சொல்லியிருக்கிறார். தன் உயிலில் அம்மாவின் கல்லறையைப் பராமரிக்கப் பணம் ஒதுக்கி, ஒவ்வொரு வசந்த காலத்திலும் அதன் நான்கு மூலைகளிலும் ரோஜாவும் பார்க்க மகிழ்ச்சியான வேறு பூச்செடிகளும் நட வேண்டும் என்று எழுதினார். பழிவெறி பிடித்தவர் என்று பெயர் வாங்கியவர் எழுதிய உயில் இது.

படிப்பு, நிலம் இரண்டையும் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய அரசியல் முழுக்க இந்த இரண்டில்தான் போய் நிற்கும்.

கல்லூரி முடிந்து பென்சில்வேனியாவில் யார்க் என்ற ஊருக்கு வாத்தியாராக வந்து, மிச்ச நேரத்தில் சட்டம் படித்தார். வேறு வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தவர்களை அந்த ஊர் வக்கீல்கள் சேர்த்துக்கொள்ளவில்லை, எனவே எல்லை தாண்டி மேரிலாந்துக்குப் போய் அங்கே பரீட்சை எழுதித் தேறினார். பரீட்சை என்றால் நாலைந்து கேள்விகளும், தேர்வு வைத்த பெரியவர்களுக்கு மடீரா ஒயின் வாங்கிக் கொடுப்பதும்தான் என்று சொல்வார்கள். 1816-ல் கெட்டிஸ்பர்க்கில் தொழில் ஆரம்பித்தார். பிற்பாடு உள்நாட்டுப் போரின் பெரிய சண்டை அந்த ஊரில்தான் நடந்தது, அப்போது அது சின்ன ஊர். சில வருடங்களில் அந்த வட்டாரத்திலேயே அதிக வழக்கு நடத்தும் வக்கீல் ஆகிவிட்டார். நல்ல நினைவாற்றல், கொடூரமான நாக்கு. லிங்கன் தன் அமைச்சரவையில் சேர்க்க இருந்த ஒருவரைப் பற்றி, அவர் திருடுவாரா என்று லிங்கன் கேட்டதற்கு, பழுக்கக் காய்ச்சிய இரும்பு அடுப்பைத் திருட மாட்டார் என்று இவர் சொன்னாராம். அந்த ஆள் கோபித்துக்கொண்டு மறுப்புக் கேட்டதும், சரி, நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன் என்றாராம்.

சாரிட்டி பட்லர் வழக்கு இந்தக் காலத்தில்தான். வந்த கட்சிக்காரருக்காக வாதாடுவது தொழில் என்று அன்றைக்கு அவர் நினைத்திருக்கலாம். ஆனால் இரண்டே வருடத்தில், 1823 ஜூலை 4 சுதந்திர தின விருந்தில், அடுத்த ஜனாதிபதி எந்த மனிதனுக்கும் அடிமை விலங்கு பூட்டாத ஒருவராக இருக்கட்டும் என்று கோப்பையைத் தூக்கினார். அதற்குப் பிறகு நாம் பார்க்கும் ஸ்டீவன்ஸ், தப்பி வந்த அடிமைகளுக்காக நீதிமன்றத்தில் நிற்கும் ஸ்டீவன்ஸ்.

அந்த வழக்கிலிருந்து ஒரு விஷயத்தை அவர் உள்ளுக்குள் எடுத்துக்கொண்டார் என்று நான் நம்புகிறேன். சட்டப் புத்தகத்தில் சாரிட்டிக்கு விடுதலை எழுதியிருந்தது. அதை ஒரு கெட்டிக்கார வக்கீல், நாள் கணக்கை வெட்டியே இல்லாமல் ஆக்கிவிட்டார். எழுத்தில் இருக்கும் உரிமை எவ்வளவு எளிதாகக் கைநழுவும் என்பதை அதைப் பறித்தவரைவிட யார் நன்றாக அறிந்திருக்க முடியும்?

1833-ல் மாநில சட்டமன்றத்துக்குப் போனார், அதுவும் ஃப்ரீமேசன் எதிர்ப்புக் கட்சி சார்பில். ஃப்ரீமேசன்கள் ரகசியச் சங்கம் வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் பதவியும் தீர்ப்பும் வாங்கித் தருகிறார்கள் என்பது அந்தக் கட்சியின் குற்றச்சாட்டு. அந்தப் போராட்டத்தில் அவர் நடந்துகொண்ட விதம் எனக்குப் பிடிக்காது. எதிரிகளை விசாரணைக் குழு முன்னால் நிறுத்தி மிரட்டினார். 1838-ல் தேர்தல் தகராறில் ஒரே சட்டமன்றத்தில் இரண்டு சபாநாயகர்கள் உட்கார்ந்து, கூட்டம் உள்ளே புகுந்து, இவர் ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பி ஓடி, கடைசியில் துணைப்படையே வந்தது. அந்த ரகளையில் இவர் பக்கமும் நியாயம் பெரிதாக இல்லை.

அதே ஆள், அதே சட்டமன்றத்தில், 1835-ல் செய்த காரியம் வேறு வகை.

1834-ல் பென்சில்வேனியாவில் இலவசப் பள்ளிக்கூடச் சட்டம் வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊர் வரியில் படிப்பு. அதுவரை இருந்த 1809 சட்டத்தின்படி, ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் அரசு சம்பளம் கட்டும், ஆனால் பெற்றவர்கள் தாங்கள் ஏழைகள் என்று எழுதிக் கொடுத்துப் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். மானத்துக்குப் பயந்து பாதிப் பேர் அனுப்பவே மாட்டார்கள். புதுச் சட்டம் வந்ததும் வரி ஏறுகிறதே என்று ஊர் ஊராக எதிர்ப்பு. மறு வருடமே செனட் சட்டத்தை ரத்து செய்ய ஓட்டுப் போட்டுவிட்டது, கீழ்ச்சபையிலும் ரத்துக்குத்தான் பெரும்பான்மை என்று எல்லோரும் நினைத்தார்கள். ஸ்டீவன்ஸின் சொந்தத் தொகுதிக்காரர்களே ரத்து செய் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சட்டத்தைக் கொண்டுவந்த ஆளுநர் ஜார்ஜ் வுல்ஃப் எதிர்க்கட்சிக்காரர், போதாததற்கு ஒரு ஃப்ரீமேசன். ஸ்டீவன்ஸுக்கு அரசியல் லாபம் முழுக்க மறுபக்கத்தில்.

1835 ஏப்ரல் 11 அன்று எழுந்து பேசினார். ரத்து செய்துவிட்டுப் பழையபடி ஏழைகளுக்கு மட்டும் என்று கொண்டுவரும் அந்த மசோதாவுக்கு, பணக்காரரிடமிருந்து பிரித்துத் தெரியும்படி ஏழைகளுக்குச் சூடு போட்டு அடையாளமிடும் சட்டம் என்று பெயர் வையுங்கள் என்றார். எனக்குப் பிள்ளையே இல்லை, நான் ஏன் பள்ளிக்கூட வரி கட்ட வேண்டும் என்று கேட்கிறவருக்கும் பதில் வைத்திருந்தார். குற்றவாளியைத் தண்டிக்கும் வரியைச் சந்தோஷமாகக் கட்டுகிறாய், ஒருவன் குற்றவாளி ஆகாமல் தடுக்கும் வரி என்றால் மட்டும் சத்தம் போடுகிறாயே என்று கேட்டார். பேசி முடித்ததும் சபை திரும்பியது. ரத்து தோற்றது, சட்டம் பிழைத்தது. பென்சில்வேனியாவில் இன்றைக்கும் அரசுப் பள்ளிகளின் வரலாற்றைச் சொன்னால் அந்த நாளைச் சொல்லாமல் போக மாட்டார்கள். அரசியலில் அவர் செய்ததிலேயே அவருக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்பார்கள், நானும் நம்புகிறேன். பீச்சம் பள்ளிக்கூடம் இல்லையென்றால் அவர் யார்?

1837-ல் மாநில அரசியலமைப்பைத் திருத்த ஒரு மாநாடு கூடியது. அதுவரை பென்சில்வேனியாவில் சில இடங்களில் சுதந்திரமான கறுப்பர்கள் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். புது அரசியலமைப்பில் 'வெள்ளையர்' என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்து அந்த ஓட்டைப் பறித்தார்கள். ஸ்டீவன்ஸ் அந்த ஆவணத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

இடையில் கலிடோனியா என்று ஓர் இரும்பு உருக்காலை நடத்தி நன்றாக நஷ்டப்பட்டார். சுமார் 2 லட்சம் டாலர் கடன், அந்தக் காலத்தில் அது என்ன தொகை என்று நினைத்துப் பாருங்கள். கடனை அடைக்க 1842-ல் பெரிய ஊரான லாங்கஸ்டருக்குக் குடிபெயர்ந்து, வக்கீல் தொழிலில் மும்முரமாக இறங்கினார். லாங்கஸ்டர் வீட்டை நிர்வகிக்க வந்தவர் லிடியா ஹாமில்டன் ஸ்மித், கெட்டிஸ்பர்க் பக்கத்துக்காரர், கலப்பினப் பெண், இரண்டு மகன்களின் தாய். இருபது வருடங்களுக்கு மேல் அந்த வீட்டை நடத்தியது அவர்தான். இரண்டு பேரையும் சேர்த்து ஊர் என்னென்னவோ பேசியது, பத்திரிகைகள் எழுதின. நிச்சயமாகத் தெரிந்தது இது: கறுப்பின வேலைக்காரரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கமாக இருந்த அந்தக் காலத்தில் அவர் லிடியாவை 'மிசஸ் ஸ்மித்' என்றுதான் கூப்பிட்டார், வீட்டில் வளர்ந்த தன் அண்ணன் தம்பி பிள்ளைகளையும் அப்படியே கூப்பிட வைத்தார். உயிலில் அவருக்குப் பணம் எழுதி வைத்தார், அந்த அம்மாள் அதை வைத்து ஸ்டீவன்ஸ் இருந்த வீட்டையே விலைக்கு வாங்கினார். அந்த வீட்டுப் பின்புறத்தில் 2000-களின் தொடக்கத்தில் தொல்லியலாளர்கள் தோண்டியபோது ஒரு பழைய நீர்த்தொட்டி கிடைத்தது, அதன் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு. தப்பி வந்த அடிமைகளை ஒளித்து வைத்த இடமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

1851 செப்டம்பரில் லாங்கஸ்டர் மாவட்டத்தில் கிறிஸ்டியானா என்ற ஊரில் ஒரு மேரிலாந்து பண்ணையார், தப்பி ஓடிய தன் அடிமைகளைப் பிடிக்க அரசு அதிகாரியோடு வந்தார். அங்கிருந்த கறுப்பர்கள் துப்பாக்கியோடு எதிர்த்து நின்றார்கள், பண்ணையார் செத்தார். மத்திய அரசு இதைக் கொலை வழக்காகக்கூட நடத்தாமல் தேசத்துரோக வழக்காக மாற்றி 38 பேர்மேல் போட்டது. முதலில் நிறுத்தப்பட்டவர் காஸ்ட்னர் ஹான்வே, மாவு மில் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர். கூட்டத்தைப் பார்த்து அங்கே வந்து நின்றவர், அடிமைகளைப் பிடிக்க உதவ மாட்டேன் என்று சொன்னவர். விசாரணை நடந்த இடம் பிலடெல்பியாவில் சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான அதே கட்டடம். ஸ்டீவன்ஸ் வாதித் தரப்புக்கு எதிரான வக்கீல்கள் குழுவில் இருந்தார். ஜூரிகள் பதினைந்து நிமிடத்தில் விடுதலை என்று சொல்லிவிட்டு வந்தார்கள். மற்றவர்கள்மேல் இருந்த தேசத்துரோக வழக்கும் அதோடு கரைந்தது.

1849 முதல் 1853 வரை ஒருமுறை, பிறகு 1859 முதல் சாகும்வரை, வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். இரண்டாம் முறை போனபோது வயது 67. அடிமை முறையை விட மறுத்த தென்மாநிலங்கள் பிரிந்துபோய் உள்நாட்டுப் போர் வந்ததும் நிதிக் குழுவின் தலைவர், அதாவது போருக்கு வேண்டிய பணத்துக்கெல்லாம் சபையில் வழி காட்ட வேண்டியவர். தங்கம் தீர்ந்துபோய் அரசாங்கம் தவித்தபோது 1862 பிப்ரவரியில் 15 கோடி டாலர் காகிதப் பணம் அச்சடிக்கும் சட்டத்தை நிறைவேற்றிக் கொடுத்தார். போர் வீரனுக்கு அந்தக் காகிதத்தில்தான் சம்பளம் போனது.

1863 ஜூன் 26 அன்று, கெட்டிஸ்பர்க் போருக்குச் சில நாள் முன்பு, தென்மாநிலப் படைத் தளபதி ஜூபல் எர்லி வழியில் கலிடோனியா ஆலையைக் கொளுத்தினார். தனியார் சொத்தைத் தொடக் கூடாது என்பது எர்லியின் மேலதிகாரி லீ போட்டிருந்த உத்தரவு, இதை நான் என் பொறுப்பில்தான் செய்தேன் என்று எர்லியே பின்னால் சொன்னார். ஸ்டீவன்ஸின் ஆலை என்பது மட்டும்தான் காரணம். ஆலை சாம்பலான சேதி கேட்டு ஸ்டீவன்ஸ் எழுதிய கடிதத்தில், வேலையிழந்த குடும்பங்களைப் பற்றித்தான் கவலை, என் நஷ்டத்துக்காக ஒரு கணமும் வருந்தவில்லை, நாட்டில் அடிமை முறையின் சுவடுகூட இல்லாமல் போகுமென்றால் இது மலிவான விலை என்கிறார். மூன்று மாதத்துக்குள் சிக்கமாகா போரில் அவர் வளர்த்த பிள்ளைகளில் ஒருவரான அலன்சனும் செத்தார்.

1865 ஜனவரி 31-ல் அடிமை முறையை ஒழிக்கும் 13-வது திருத்தம் 119-க்கு 56 என்று நிறைவேறியது. ஏப்ரலில் போர் முடிந்தது, லிங்கன் கொலையானார், ஆண்ட்ரூ ஜான்சன் ஜனாதிபதியானார். இனி எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நினைத்தவர்கள் உண்டு. ஸ்டீவன்ஸ் நினைக்கவில்லை. அவர் பயந்தபடியேதான் நடந்தது. ஜான்சன் பழைய பண்ணையார்களுக்கு மன்னிப்பை அள்ளி வழங்கினார். போர்க்காலத்தில் வடக்குப் படையின் தளபதி ஷெர்மன் தெற்குக் கரையோரமாகச் சுமார் 4 லட்சம் ஏக்கரை விடுதலையான குடும்பங்களுக்கு ஒதுக்கியிருந்தார், அவர்கள் அங்கே விதைக்கவும் ஆரம்பித்திருந்தார்கள். அதையெல்லாம் பிடுங்கிப் பழையவர்களிடமே கொடுத்தார்கள். மிசிசிப்பியில் புதுச் சட்டம்: கறுப்பர் ஒவ்வொருவரும் ஜனவரி மாதம் தனக்கு வேலை இருக்கிறது என்று எழுத்து ஆதாரம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேலையில்லாமல் திரிகிறவர் என்று பிடித்து அபராதம், கட்ட முடியாவிட்டால் அபராதத்தைக் கட்டுகிற பண்ணையாரிடம் வேலை. அடிமை என்ற பெயர் மட்டும்தான் போயிருந்தது.

அந்த செப்டம்பரில் லாங்கஸ்டரில் பேசும்போது ஸ்டீவன்ஸ் ஒரு கணக்கு வைத்தார். இந்தக் கணக்குக்காகவே இந்தக் கட்டுரையை எழுத நினைத்தேன். தெற்கில் 200 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கும் பெரிய நிலக்காரர்கள் சுமார் 70,000 பேர்தான். அவர்களிடமும் அந்த மாநில அரசுகளிடமும் இருப்பது 39 கோடியே 40 லட்சம் ஏக்கர். அதைப் பறிமுதல் செய்யுங்கள். விடுதலையான ஒவ்வொரு வயதுவந்த ஆணுக்கும் 40 ஏக்கர் கொடுங்கள், பத்து லட்சம் பேர் என்றால் 4 கோடி ஏக்கர்தான் ஆகும். மிச்சம் 35 கோடியே 40 லட்சம் ஏக்கரைத் துண்டு போட்டு ஏக்கர் பத்து டாலருக்கு விற்றால் 354 கோடி டாலர். அதில் போரில் ஊனமானவர்களுக்கும் செத்தவர் குடும்பங்களுக்கும் ஓய்வூதியம் கொடுக்கலாம், சொத்து எரிந்தவர்களுக்கு இழப்பீடு கொடுக்கலாம், போர்க் கடனையும் அடைக்கலாம். தெற்கில் பத்தில் ஒன்பது பேருக்கு இதனால் ஒரு பைசா நஷ்டமில்லை.

எதிரிகளுக்கு இது பழிவாங்கலாகத் தெரிந்தது. எனக்கு இது கூர்மையான அரசியல் புரிதலாகத் தெரிகிறது. நிலம் பழைய எஜமானிடமே இருந்தால் நாளைக்கு விடுதலையானவன் யாரிடம் வேலைக்குப் போவான், எந்தக் கடையில் கடன் சொல்வான், ஓட்டுப் போடும் நாளில் யார் முகத்தைப் பார்ப்பான்? டிசம்பரில் சபையில் சொன்னார்: "தங்க ஒரு குடிசையோ பையில் ஒரு காசோ இல்லாமல் நாற்பது லட்சம் அடிமைகளை அவிழ்த்து விட்டிருக்கிறோம், அல்லது விடப்போகிறோம்." வீட்டு நிலமும் கொடுத்துப் பாதுகாப்புச் சட்டங்களை வேலியாகவும் போடாமல், முன்னாள் எஜமானர்கள் போடும் சட்டத்துக்கே இவர்களை விட்டுவிடுவோம் என்றால் அடிமைகளாகவே வைத்திருந்திருக்கலாம் என்றும் சேர்த்தார்.

1866 பிப்ரவரியில் நிலம் கொடுக்கும் திருத்தத்தை ஓட்டுக்குக் கொண்டுவந்தார். ஆதரவு 37, எதிர்ப்பு 126. அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே கைவிட்டார்கள். அடிமைத்தனம் தவறு என்று ஒத்துக்கொண்டவர்களுக்குக்கூட இன்னொருவர் பட்டா நிலத்தில் கைவைப்பது பாவமாகப் பட்டது. மறு வருடம் இன்னொரு மசோதா கொண்டுவந்தார், அது ஓட்டெடுப்பு வரைகூடப் போகவில்லை.

மற்ற இடங்களில் ஜெயித்தார். 1865 டிசம்பர் 4 அன்று புது நாடாளுமன்றம் கூடியபோது தென்மாநிலங்கள் அனுப்பியிருந்த ஆட்கள் பெருமையாக வந்து உட்கார்ந்திருந்தார்கள், நேற்றுவரை எதிர்ப்படையில் இருந்தவர்களும் உண்டு. பெயர்களை வாசிக்க வேண்டியவர் சபைச் செயலாளர் எட்வர்ட் மெக்ஃபர்சன், ஸ்டீவன்ஸிடம் பழகி வளர்ந்த கெட்டிஸ்பர்க்காரர். தென்மாநிலப் பெயர்களை அவர் வாசிக்காமல் தாண்டிப் போய்விட்டார். பெயர் வாசிக்காவிட்டால் உறுப்பினர் இல்லை. அன்றைக்கே மறுசீரமைப்புக்காக, அதாவது தோற்ற தென்மாநிலங்களை எப்படித் திரும்பச் சேர்ப்பது என்று பார்க்க, இரு அவைகளும் சேர்ந்த 15 பேர் குழு அமைக்க ஸ்டீவன்ஸ் தீர்மானம் கொண்டுவந்தார், 14-வது திருத்தம் அந்தக் குழுவிலிருந்து வந்தது: அமெரிக்காவில் பிறந்த எல்லோரும் குடிமக்கள், எந்த மாநிலமும் எவருக்கும் சட்டங்களின் சமமான பாதுகாப்பை மறுக்கக் கூடாது. சமப் பாதுகாப்பு வாசகத்தை எழுதியது முக்கியமாக ஒஹாயோவின் ஜான் பிங்கம், சபையில் அதைக் கரைசேர்த்தது ஸ்டீவன்ஸ். (நம் அரசியலமைப்பின் 14-வது பிரிவில் சட்டத்தின் முன் சமத்துவம், சட்டங்களின் சமமான பாதுகாப்பு என்று இரண்டு தொடர்கள் வரும், அந்த இரண்டாவது தொடர் இங்கிருந்து வந்ததுதான். ஸ்டீவன்ஸைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியதும் அதுதான்.)

அந்தத் திருத்தம் அவருக்குத் திருப்தி தரவில்லை. கறுப்பர்களுக்கு நேரடியாக ஓட்டுரிமை அதில் இல்லை. 1866 ஜூன் 13 அன்று கடைசி ஓட்டெடுப்புக்கு முன் அதை வெளிப்படையாகவே சொன்னார்: இனமும் நிறமும் பார்க்காத அரசாங்கத்தைக் கட்டிவிடலாம் என்று கனவு கண்டேன், அந்தக் கனவு கலைந்துவிட்டது. இவ்வளவு குறையுள்ளதை ஏன் ஏற்கிறாய் என்று கேட்டால், "நான் தேவதைகளுக்கு நடுவில் வாழவில்லை, மனிதர்களுக்கு நடுவில் வாழ்கிறேன்." பிடிவாதக்காரர் என்று பேர்போன மனிதர், பாதியாவது கிடைக்கட்டும் என்று வாங்கிக்கொண்டு மீதிக்காக மறுநாளே திரும்ப நின்றார். 1867 மார்ச்சில் வந்த மறுசீரமைப்புச் சட்டம் பத்து தென்மாநிலங்களை ராணுவ மேற்பார்வையில் வைத்துக் கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுக் கொடுத்தது. மூன்றே வருடத்தில் அதே மிசிசிப்பி ஒரு கறுப்பரை செனட்டுக்கு அனுப்பியது.

அதற்குள் ஸ்டீவன்ஸின் உடம்பு போய்விட்டது. ஜனாதிபதி ஜான்சனைப் பதவி நீக்கும் தீர்மானம் 1868 பிப்ரவரி 24-ல் 126-க்கு 47 என்று நிறைவேறியபோது அவரால் நடக்க முடியவில்லை. இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவார்கள், நீங்கள் இரண்டு பேரும் செத்துப்போனால் என்னை யார் தூக்குவது என்று அவர்களைக் கேட்பாராம். செனட் விசாரணையில் தன் உரையைத் தானே படிக்க ஆரம்பித்துக் குரல் போய்விட, மீதியை இன்னொருவர் படித்தார். பதவி நீக்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். மே மாதம் ஓட்டெடுப்பில் 35-க்கு 19, ஒரே ஓட்டுக் குறைவால் ஜான்சன் தப்பினார். ஜூலையில் 14-வது திருத்தம் மாநிலங்களின் ஒப்புதல் பெற்றது. ஆகஸ்ட் 11 நள்ளிரவில் ஸ்டீவன்ஸ் இறந்தார், பக்கத்தில் லிடியா ஸ்மித் இருந்தார். நாடாளுமன்றக் கட்டடத்தின் நடுமண்டபத்தில் உடலைப் பார்வைக்கு வைத்தார்கள், கறுப்பினப் படைவீரர்கள் காவல் நின்றார்கள்.

லாங்கஸ்டரில் அவர் முதலில் வேறு கல்லறைத் தோட்டங்களில் இடம் வாங்கியிருந்தார். பத்திரத்தில் கறுப்பர்களைப் புதைக்கக் கூடாது என்று இருப்பதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஷ்ரைனர் என்ற சின்னத் தோட்டத்தில் அந்தத் தடை இல்லை. அங்கேதான் இருக்கிறார். கல்லில் அவரே எழுதிக் கொடுத்த வாசகம்: தனிமையில் விருப்பம் என்பதால் இந்த ஒதுக்குப்புறமான இடத்தில் நான் படுத்திருக்கவில்லை, மற்ற கல்லறைத் தோட்டங்கள் இனம் பார்த்து இடம் தருகின்றன என்று கண்டு இதைத் தேர்ந்தெடுத்தேன், நீண்ட வாழ்நாள் முழுக்க நான் வாதாடிய கொள்கையை, படைத்தவன் முன் மனிதர் எல்லோரும் சமம் என்பதை, என் சாவிலும் காட்டுவதற்காக.

நிலக் கணக்கு என்னாயிற்று என்றால், அவர் சொன்னபடிதான் ஆயிற்று. விடுதலையானவர்கள் பழைய பண்ணையாரின் நிலத்திலேயே விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு உழுதார்கள், விதைக்கும் சாப்பாட்டுக்கும் அவர் கடையிலேயே கடன், அறுவடையில் கடன் அடையாது, அடுத்த வருடமும் அங்கேயே. 1877-ல் மத்திய அரசு ராணுவத்தைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டதும் ஓட்டும் போக ஆரம்பித்தது, 1890-ல் மிசிசிப்பி புது அரசியலமைப்பு எழுதி வரி, எழுத்தறிவுத் தேர்வு என்று அதை முறைப்படியே பறித்தது. 14-வது திருத்தம் புத்தகத்தில் அப்படியே இருந்தது. நீதிபதிகளும் வக்கீல்களும் அதை நாள் கணக்கு வெட்டுகிற மாதிரி வெட்டிக்கொண்டே வந்தார்கள். பள்ளிக்கூடங்களில் இனப் பிரிவினை செல்லாது என்று அதே வாசகத்தை வைத்து உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 1954 ஆகவேண்டியிருந்தது. அன்றைக்கு 40 ஏக்கர் கொடுத்திருந்தால் எல்லாமே சரியாகியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சொந்த நிலத்தில் நிற்பவனிடம் ஓட்டைப் பறிப்பது இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

உயிலில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. சொத்து முதலில் சகோதரரின் மகனுக்கு, அதுவும் அவர் குடியை விட்டால்தான். விடவில்லை. அப்படியானால் லாங்கஸ்டரில் அநாதைப் பிள்ளைகளுக்கு 50,000 டாலரில் ஒரு இல்லம் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார். சேர்ப்பதிலோ நடத்துவதிலோ இனமோ நிறமோ பார்க்கக் கூடாது, ஏழை ஜெர்மானியர், ஐரிஷ்காரர், முகமதியர் என்று பெற்றோரின் இனத்தையோ மதத்தையோ காட்டி யாரையும் வெளியே நிறுத்தக் கூடாது, எல்லோருக்கும் ஒரே வகுப்பில் ஒரே மாதிரிப் படிப்பு, ஒரே மேசையில் சாப்பாடு. ஒரே மேசை என்பதை உயில் பத்திரத்தில் தனி வாக்கியமாகவே எழுதியிருக்கிறார், வக்கீல் அல்லவா, யாரும் பின்னால் வேறு அர்த்தம் சொல்ல இடம் வைக்கவில்லை. 1905-ல் அது தொழிற்பள்ளியாகத் தொடங்கியது. இப்போது அவர் பெயரிலேயே தொழில்நுட்பக் கல்லூரியாக லாங்கஸ்டரில் நடக்கிறது, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் அங்கே கைத்தொழில் படிக்கிறார்கள்.